முந்நூற்றுப் பதினேழு பேருக்குப் பதில்

"பாவா, முந்நூற்றுப் பதினேழு பேர் என்னைத் திட்டியிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பதில் சொல்லவா, எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாச் சொல்லிடவா?"

கேட்டவர் சிக்கந்தர் கனி. தர்கா தெருவில் முப்பது வருஷத்துக்கும் மேலாக அத்தர் விற்கிறவர்.

கேட்கப்பட்டவர் மீரான் பாவா. தர்காவின் கிழக்கு வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவர். நூறு ஜோடி கிடந்தாலும் டோக்கன் கிடையாது, எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள்.

கனியும் அப்படிப் பல வருஷம் உட்கார்ந்தவர்தான். இந்த ஒன்றரை வருஷமாகத்தான் ஆளைக் காணோம்.

"என்ன சொல்லித் திட்டுறாங்க நானா?"

அண்ணனை அந்தப் பக்கம் நானா என்பார்கள். பாவா கனியைவிட ஆறு வயது இளையவர்.

"பூசினா மண்டையப் பிளக்குதாம். டூப்ளிகேட் சரக்காம். ஒருத்தன் பாட்டிலைக் கக்கூஸ்ல கவுத்து, அதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். அதுக்கு அறுபதாயிரம் லைக்."

"சரக்கு நல்ல சரக்குதானே?"

"அல்லா மேல ஆணையாச் சுத்தமான சரக்கு."

பாவா வலது கையை நீட்டினார்.

"கொஞ்சம் போடுங்க."

கனியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அம்பர் அத்தர் பாட்டில் இருக்கும். மூடியைத் திருகினார், பாவாவின் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார், மூடினார். இவ்வளவையும் செய்துகொண்டே அந்தக் கக்கூஸ்காரனைத் திட்டி முடித்தார்.

பாவா முகர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கா? வியாழக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும் பாவா. வியாழன் சாயங்காலம் அசர் தொழுதுட்டுக் கடைச் சாவியை ஜெயசீலன்கிட்டக் கொடுக்கறதா வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஜெயசீலன் பஸ் ஸ்டாண்டில் பதினான்கு வருஷமாகத் தட்டில் வைத்து செல்போன் கவர் விற்கிறவன். கனியின் கடையை அவன் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"கடையக் கொடுத்துட்டு நீங்க?"

"சென்னைக்கு. என் விளம்பரத்தைப் பார்த்துக்கிற கம்பெனி அங்க ஒரு குடோன் பிடிச்சிருக்கு. தெருவுல கடை எதுக்கு பாய், குடோனும் கேமராவும் போதும்ங்கறாங்க. ஆனா பேர் கெட்டுப்போச்சுன்னா குடோன்ல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அதான் இந்த முந்நூற்றுப் பதினேழு பேரை வழிக்குக் கொண்டுவரணும்."

"நாளைக்கு வாங்க" என்றார் பாவா.



கனி கத்திரி வெயிலில் கடைக்குத் திரும்பினார்.

கடையில் ஆள் இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் பார்சல் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூல் இருந்த இடத்தில் மூன்று காலில் ஒரு கேமரா ஸ்டாண்டு நின்றது. அதன் தலையில் வட்டமாக ஒரு விளக்கு.

அந்த ஸ்டூலை எங்கே போட்டோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

முன்பெல்லாம் அந்தக் கடையில் எது நல்ல அத்தர் என்று யாரும் கேட்டதில்லை. வருவார்கள், ஸ்டூலில் உட்காருவார்கள், கையை நீட்டுவார்கள். அதுதான் கடை வழக்கம்.

கனி அலமாரியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். நாடி பார்க்கிற வைத்தியர் தோற்றார் என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். சூடான கைக்கு வெட்டிவேர். சில்லிட்ட கைக்கு அம்பர். வேர்க்கிற கைக்குத் தாழம்பூ. பிடித்த பிறகுதான் பாட்டில்.

ஆட்டோ பிலவேந்திரனின் கையை விட்டு டீசல் வாடை போகவே போகாது. அந்த டீசலோடு சண்டை போடாத ஒரு அத்தரைக் கண்டுபிடிக்கக் கனிக்கு ஒரு மாசம் பிடித்தது. தலைமையாசிரியர் ஆராவமுதன் கை சாக்பீஸ் தூளில் காய்ந்து கிடக்கும். அவருக்கு ஒரு சொட்டு வைத்து, "தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வாங்க சார், அப்புறம் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார்.

அத்தர் தோலில் உட்காரக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்காகத்தான் அந்த நடை. சார் தெருக்கோடியில் டீ குடித்து, நாலு பேரிடம் பேசி, சில நாள் வீட்டுக்கே போய் மறுநாள் வருவார். கனிக்கு அதில் வருத்தம் இல்லை. அப்போது யாருக்கு என்ன அவசரம்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அம்பரும் கஸ்தூரியும் பின்வரிசைக்குப் போய்விடும். சூட்டுச் சரக்கு. வெட்டிவேர் முன்னால் வந்து நிற்கும். அடம்பிடித்து அம்பர் கேட்டால், "மழை விழட்டும், வாங்க" என்பார். விற்கத் தெரியாத மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். மழை விழுந்ததும் வருவார்கள்.

சந்தோஷமான காலம் அது. சந்தோஷம் என்று அப்போது கனிதான் தெரியாமல் இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் ஒருவன் வந்தான். பெரிய பாட்டிலிலிருந்து சின்ன பாட்டிலுக்கு அம்பர் ஊற்றுவதை வெயிலுக்கு எதிரே வைத்துப் படம் பிடித்தான். தேன் ஒழுகுகிற மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள், ஊர் ஊராக ஆர்டர் வந்தது.

பிறகு விளம்பரக் கம்பெனி வந்தது. "அம்பரையே போடுங்க பாய், அதுதான் ஓடுது" என்றது. வெட்டிவேரை வீடியோவில் போட்டால் வெறும் எண்ணெய் மாதிரி இருக்கிறதாம். அன்றிலிருந்து மார்கழியிலும் அம்பர், மாசியிலும் அம்பர், சித்திரையிலும் அம்பர்.

ஆராவமுதன் சார் இரண்டு தடவை வந்தார். ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. "ரெண்டே நிமிஷம் சார்" என்றார் கனி. சார் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை மடக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வரவில்லை என்பதே கனிக்கு நாலு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.



புதன்கிழமை கனி போனில் மூன்று பதில்கள் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒன்று கெஞ்சல். ஒன்று மிரட்டல். ஒன்று கம்பெனி எழுதிக்கொடுத்தது, அதில் ஒன்றுமே இல்லை.

மூன்றையும் வாசித்துக் காட்டினார். பாவா செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டே கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"கொஞ்சம் போடுங்க."

கனி பாட்டிலை எடுத்தார். எடுத்தவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை.

"பாவா, அப்படியே இருங்க. உங்க கையில பூசறதை ஒரு வீடியோ எடுத்துக்கறேன். நம்ம ஊரு ஆளுங்க எத்தனையோ பேர் வெளியூர்ல இருக்காங்க. மீரான் பாவா கைன்னா நம்புவாங்க."

நீட்டிய கையைப் பாவா மடக்கவில்லை. சம்மதம் என்று கனி எடுத்துக்கொண்டார். இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம். விரலைச் சேர்த்து வைங்க. அசையாதீங்க பாவா, ஆடுது."

ஒரு கையில் போன், ஒரு கையில் அத்தர். ஏழாவது தடவைதான் சரியாக வந்தது. ஏழு தடவையும் அம்பர் பூசியதில் பாவாவின் கை மினுமினுத்தது.

"இதுதான் பதிலா நானா?"

"இதுக்கு மேல என்ன பதில் வேணும் பாவா?"

"நாளைக்கு வாங்க."



வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அந்த வீடியோவைப் பத்தொன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். திட்டியவர்களில் சிலர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். கம்பெனிக்காரன் போனில் கும்மாளம் போட்டான்.

கனி அசர் தொழுதார். சாவி பையில் இருந்தது. ஜெயசீலன் கடை வாசலில் வந்து நிற்பதாக அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான்.

போகிற வழியில் பாவாவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்தார்.

"ஜெயிச்சாச்சு பாவா. கேளுங்க. மாஷா அல்லா, பரக்கத்தான கை, அருள் நிறைஞ்ச கை. இது ஒருத்தர். ஊரு ஞாபகம் வந்துடுச்சு பாய். இது துபாய்லருந்து. எனக்கு ரெண்டு பாட்டில் அனுப்புங்க. அப்புறம், அந்தக் கை நடுங்குதே, அவருக்கு உடம்பு சரியில்லையா. அப்புறம் இது ஒருத்தர், அம்பர்னா இதான்..."

நிறுத்தினார்.

விரலால் பின்னால் தள்ளிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். யாரோ எவளோ. அந்தக் கை நடுங்குதே.

கனி வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். கை நடுங்கியது.

நிமிர்ந்து பாவாவைப் பார்த்தார். பாவா கையை நீட்டினார்.

கனி போனைக் கீழே வைத்தார். அந்தக் கையைப் பிடித்தார்.

அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தொட்டுப் பார்த்தார். நேற்றுப் பூசிய அம்பர் அந்தச் சூட்டில் இன்னும் கிளம்பி மூக்கில் அடித்தது. கனிக்கே தலை கிறுகிறுத்தது.

"எத்தனை நாளாக் காய்ச்சல் பாவா?"

"செவ்வாய்க்கிழமை காலையிலருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கையைக் கொடுத்தேனே நானா."

கனி தோள் துண்டை எடுத்து அந்தப் புறங்கையைத் துடைத்தார். கத்திரி வெயிலில், காய்ச்சல்காரன் கையில், அம்பர். தொழிலுக்கு வந்த முதல் வருஷத்தில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. இந்தக் கத்திரியில் எத்தனை ஊருக்கு அதையே அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார். மண்டையைப் பிளக்குதாம் என்று எழுதியவர்களின் கைகளை எண்ணிப் பார்த்தார்.

எழுந்தார்.

"இருங்க பாவா. இதோ வந்துடுறேன்."

செருப்பு மாட்டத் தோன்றவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது. போன் பாவாவுக்குப் பக்கத்தில், செருப்புகளோடு செருப்பாகக் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.



கடை வாசலில் ஜெயசீலன் நின்றிருந்தான். கனி அவனைத் தாண்டிப் போய் ஷட்டரைத் தூக்கினார். கேமரா ஸ்டாண்டை ஒதுக்கினார். பின்வரிசையில் கையை விட்டுத் துழாவினார்.

வெட்டிவேர் பாட்டிலில் விரல் கனத்துக்குத் தூசி. சட்டை நுனியால் துடைத்து, மூடியைத் திறந்து முகர்ந்தார். சரக்கு அப்படியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளியே வந்தார். சாவிதான் வருகிறது என்று ஜெயசீலன் கையை நீட்டினான்.

கனி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார்.

அந்த வெயிலிலும் கை ஜில்லென்று வேர்த்துக் கிடந்தது.

"சாப்பிடலையா தம்பி?"

"காலையிலருந்து எதுவும் இறங்கல பாய். தட்டுலயே வித்துப் பழகிட்டேன். முதமுதல்ல கடை, ஷட்டரு. பயமா இருக்கு."

கனி கையை விடவில்லை.

"உங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். மாறினா பாவம். ஆனா நான் சென்னைக்குப் போகல."

ஜெயசீலனின் முகம் செத்துப்போனது.

"பாய், தட்டை வித்துட்டேன் பாய்."

"உள்ள வந்து பாருங்க. அந்தப் பார்சல் பெட்டியெல்லாம் இனிமே இருக்காது. அந்தப் பக்கம் முழுக்கக் காலியாயிடும். உங்க கவருக்குப் போதுமா?"

ஜெயசீலன் எட்டிப் பார்த்தான். பெட்டிகளின் உயரத்தையும் அகலத்தையும் கண்ணாலேயே அளந்தான்.

"தாராளம் பாய்."

"அப்ப உட்காருங்க. நான் பாவாவைப் பார்த்துட்டு வந்துடுறேன். யாராவது வந்து கையை நீட்டினா இருக்கச் சொல்லுங்க."

வெட்டிவேர் பாட்டிலோடு தெருவில் இறங்கினார்.

"பாய்" என்று ஜெயசீலன் பின்னாலிருந்து கூப்பிட்டான். "அப்ப சாவி?"

"ஆளுக்கொண்ணா ரெண்டாப் பண்ணணும்" என்றார் கனி.