கழுத்தில் வைத்த விரல்

"அந்தப் பெட்டியை நம்புறீங்க. என் விரலை நம்ப மாட்டேங்கிறீங்க" என்றார் டாக்டர் அருமைநாயகம்.

டாக்டர் ஜமீலா கை கழுவிக்கொண்டிருந்தார்.

அருமைநாயகம் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். நின்றுபோன இதயத்தை மீட்கும் புது முறைகளைக் கற்றுக்கொள்ள நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கற்றுக்கொடுப்பவர் ஜமீலா. மாணவருக்குத் தலை முழுக்க நரை. ஆசிரியைக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. இதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம் உண்டு.

அன்று காலை நடந்தது இதுதான்.

சுடலைமுத்து என்ற லாரி டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதயம் நின்றிருந்தது. நர்சுகள் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினார்கள். வாய் வழியாகச் செருகிய மூச்சுக்குழாயின் நுனியில் ஜமீலா ஒரு சின்னக் கருவியை மாட்டினார். ஊசி இல்லை, கத்தி இல்லை. வெளியே வரும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று அது பக்கத்துப் பெட்டியின் திரையில் எண்ணாகக் காட்டும். ரத்தம் ஓடினால்தான் அந்த வாயு நுரையீரலுக்கு வந்து சேரும். இதயம் உயிர்த்தால் எண் சட்டென்று ஏறும்.

எண் பன்னிரண்டிலேயே கிடந்தது.

அருமைநாயகம் சுடலைமுத்துவின் கழுத்தில் விரல்களை வைத்து அழுத்தினார். "துடிப்பு இருக்கு. நிறுத்துங்க" என்று கத்தினார்.

நர்சின் கை நின்றது. எண் இறங்கத் தொடங்கியது.

"இல்ல சார்" என்றார் ஜமீலா. நெஞ்சின் மேல் தானே கை வைத்து அழுத்த ஆரம்பித்தார்.

வெகுநேரம் அழுத்தினார்கள். ஒரு கட்டத்தில் எண் குபுக்கென்று நாற்பதைத் தொட்டது. அப்போதுதான் ஜமீலா கையை எடுத்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சுடலைமுத்துவின் இதயம் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆள் மீண்டதில் அருமைநாயகத்துக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இத்தனை வருஷம் இந்த விரலை வெச்சுத்தான் வைத்தியம் பார்த்தேன். எல்லார் முன்னாலயும் இல்லேன்னு சொல்லிட்டீங்க மேடம்."

ஜமீலா கையைத் துடைத்தார். "மாடிக்கு வாங்க சார்."

மாடியில் பயிற்சி அறை. தரையில் ஆளுயரப் பொம்மை ஒன்று படுத்திருந்தது.

"நெஞ்சை அழுத்துங்க" என்றார் ஜமீலா.

அருமைநாயகம் மண்டியிட்டு அழுத்தினார். சட்டை நனைந்தது.

"இப்போ கழுத்தைப் பாருங்க. காலையில எவ்வளவு அழுத்தினீங்களோ அதே அளவு. இந்த ஆள் எப்படியாவது பிழைக்கணும்னு நினைச்சுக்குங்க."

"பொம்மைக்கு ஏது மேடம் நாடி?"

"பாருங்க."

விரல்களை வைத்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் புருவம் உயர்ந்தது.

"இருக்கே."

"மெதுவாவா?"

"வேகமா. உள்ளே மோட்டார் ஏதும் வெச்சிருக்கீங்களா?"

ஜமீலா பொம்மையின் கழுத்துத் தோலைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெறும் ஸ்பாஞ்ச்.

அருமைநாயகம் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். அவை இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

"பதற்றத்துல அழுத்துற விரலுக்கு இது வரும் சார்" என்றார் ஜமீலா. "எனக்கும் வந்திருக்கு."

"நான் நிறுத்தச் சொன்னேனே."

ஜமீலா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அருமைநாயகம் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சுடலைமுத்து கண் திறந்தார். மனைவி இசக்கியம்மாளை அடையாளம் தெரிந்தது. பேச்சு வரவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்துவிட்டு வெளியே வந்த இசக்கியம்மாள், வராந்தாவில் ஜமீலாவோடு நின்றிருந்த அருமைநாயகத்தின் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"டாக்டரய்யா, நேத்து உள்ளே துடிப்பு இருக்குன்னு சத்தம் போட்டது நீங்கதானே? கதவுக்கு வெளியே கேட்டுச்சு. அதுவரைக்கும் எனக்குக் காலு தரையில நிக்கல. அந்தக் குரலைக் கேட்ட பொறவுதான் மூச்சே வந்துச்சு. நீங்க நல்லாயிருக்கணும்."

அருமைநாயகம் ஜமீலாவைப் பார்த்தார். ஜமீலா உதவிக்கு வரவில்லை.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை. அந்த அம்மாளும் சந்தோஷமாகப் போயிருப்பாள்.

"அது அவரோட துடிப்பு இல்லம்மா" என்றார். "அவர் கழுத்தை நான் அழுத்திப் பிடிச்சதுல என் விரல்ல ஓடின துடிப்பு. எனக்கு வித்தியாசம் தெரியல. தப்பா சொல்லிட்டேன். நான் சொன்னதை இந்த டாக்டரம்மா கேட்டிருந்தா அவர் இப்போ இல்ல."

திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

இசக்கியம்மாள் அவர் விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ, உங்க துடிப்பு அவரு கூட இருந்திருக்கு. அந்த நேரத்துல அவரு தனியாக் கெடக்கல" என்றாள்.