பம்பருக்குள் இரண்டு விளக்கு

“இதைவிடப் பெரிய விளக்கு இல்லையா, மாஸ்டர்?” என்று தெய்வானை கேட்டாள்.

சங்ககிரியில் லாரிகளுக்கு விளக்கும் ஒயரும் போடுகிற பட்டறை மும்தாஜுடையது. தெய்வானை அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறவள். ஆனால் வயதில் மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள்.

“பின் பம்பருக்கு இது போதும்க்கா. யாரு பார்க்கணும்?”

“நான்தான்.”

எதிரே நின்றது தெய்வானையின் மகன் நவீனின் லாரி. நாளைச் சாயங்காலம் நாக்பூர் கிளம்புகிறான். இனிமேல் லோடெல்லாம் அந்தப் பக்கம்தான். எப்போது வருவாய் என்று கேட்டால், “பார்க்கலாம்மா” என்கிறான்.

“எங்க வீடு மேட்டுல இருக்குது. வாசல்ல நின்னா பைபாஸ் தெரியும். ஆனா எல்லா லாரிக்கும் பின்னால சிவப்புதான். எது எம் பையன்னு தேடுறதுக்குள்ள வளைவு வந்துருது. வெள்ளையா ரெண்டு விளக்கு இருந்தா கடைசி வரைக்கும் பார்ப்பேன்.”

மும்தாஜ் துளை போடும் மிஷினை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

தெய்வானை விளக்கை பம்பரின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“இப்படியே வெளியில வெச்சு முறுக்கிடட்டுமா? நல்லாத் தெரியும்.”

“முதல் குடோன் சுவத்துலயே இடிச்சு உடைஞ்சிரும். உள்ள பதிங்க.”

“உள்ள போனா தெரியுமா?”

“எரிஞ்சா தெரியும்.”

இரும்பில் இரண்டு வட்டங்கள் விழுந்தன. பிசிறை அரத்தால் தேய்த்தாள். ரப்பர் வளையத்தை மாட்டி, விளக்கை உள்ளே அழுத்தினாள். உள்ளங்கையால் தடவினாள். இரும்பும் கண்ணாடியும் ஒரே மட்டம். கை எங்கும் தட்டவில்லை.

பிறகு அவளாகவே ஒயரைச் சிவப்பு விளக்கோடு சேர்த்துவிட்டாள். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் பளீரென்று எரிந்தன. பட்டறை வாசல்வரை பின்னோக்கியே நடந்து போய்ப் பார்த்தாள். கண் கூசியது. சிரித்தாள்.

“என்னம்மா இது, சாமி ஊர்வலம் மாதிரி!” என்றான் வண்டியிலிருந்து இறங்கி வந்த நவீன்.

“இருக்கட்டும்டா. நீ முன்னால பார்த்து ஓட்டு. பின்னால நான் பார்த்துக்கறேன்.”

மும்தாஜ் வந்தாள். குனிந்து அந்த ஒயரை வெட்டினாள்.

“ஐயோ, என்ன மாஸ்டர்!”

“பின்னால வர்ற டிரைவருக்குக் கண்ணு தெரியாது.”

“கொஞ்ச தூரந்தானே! வளைவு வரைக்கும்.”

“அவனுக்கும் அம்மா இருப்பாங்கக்கா.”

தெய்வானை பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்புறம் எதுக்குடி என்னை ஓட்டை போட வெச்சே?”

மும்தாஜ் லாரிக்கு அடியில் புகுந்தாள். வெட்டிய நுனியை வேறொரு ஒயரோடு முறுக்கினாள். டேப் சுற்றினாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நவீன், ஸ்டார்ட் பண்ணு. ரிவர்ஸ் போடு.”

இரண்டு வெள்ளை விளக்குகளும் எரிந்தன. லாரி மெதுவாகத் தெய்வானையைப் பார்த்து வந்தது. அவள் எழுந்து டயரை உருட்டி வழிவிட வேண்டியிருந்தது.

“முன்னால போறப்ப?”

“எரியாது.”

“அப்ப நாளைக்கு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுக்கா.”

மறுநாள் பொழுது சாய்ந்தபோது தெய்வானை வாசலில் நின்றாள். பைபாஸ் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொன்றாக வளைவில் மறைந்தது. அதில் ஒன்று அவளுடையது.

அதற்கடுத்த நாள் காலையில் பட்டறைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. மும்தாஜ் டீ வாங்கிக் கொடுத்தாள்.

பாதி டீயில் தெய்வானையே பேசினாள்.

“இன்னைக்கு மத்தியானமே கிளம்பட்டுமா, மாஸ்டர்?”

“எதுக்குக்கா?”

“வீட்டுப் பக்கத்துல, லாரி ரிவர்ஸ்ல வந்து நிக்கற இடத்துல, விறகை அடுக்கி வெச்சிருக்கேன். அதை எடுத்து வழி விடணும்.”