கரைக் காவலுக்கு வழக்குப் போட்ட நரி

ஏரிக்கரை இளகிக் கிடந்த ஒரு காட்டில், அந்தக் கரையைக் காக்கும் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளாக ஒரு நரியிடம் இருந்தது. கூலி, நாளுக்கு ஒரு கூடை மீன். நரி மீனை வாங்கித் தின்றதே தவிர, கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒப்பந்தம் முடிந்தது. சிங்கராஜா புதிதாக டெண்டர் விட்டார். நரி பழையபடி ஒரு கூடை மீன் கேட்டு ஓலை போட்டது. யானையோ, "கரையோரத்து நாணல் போதும்" என்று எழுதிப் போட்டது. வேலை யானைக்குப் போயிற்று.

நரிக்கு வயிறு எரிந்தது. நாளை முதல் கூடை வராதே! ஆனால் காட்டுச் சட்டம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். வழக்கு முடியும்வரை பழைய ஆளே வேலையில் இருக்க வேண்டும், கூலியும் அவருக்கே. ஜெயிக்க வேண்டாம், இழுத்தடித்தால் போதும்!

"அநியாயம், ராஜா! யானையின் ஓலை ஓரத்தில் கிழிந்திருக்கிறது. கிழிந்த ஓலை செல்லாது!" என்று நரி கண்ணைக் கசக்கியது.

"தும்பிக்கை பட்டுக் கிழிந்தது, ராஜா. மழைக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. கரை தாங்காது" என்றது யானை.

"அவசரப்பட்டால் நீதி கெட்டுவிடும். நேர்மையான ஒருவர் விசாரிக்கட்டும். நம் ஆமையார் இருக்கிறாரே!" என்றது நரி.

யோக்கியன் வருகிறான், செம்பை எடுத்து உள்ளே வை என்பார்களே, குழந்தைகளே, அந்த யோக்கியன் இந்த நரிதான்.

சிங்கம் தலையாட்டியது. ஓலைகளைப் பார்க்க ஆமை புறப்பட்டது. ஆறாம் நாள் கால்வாசி வழிதான் வந்திருந்தது. நரிக்குத் தினமும் கூடை வந்தது. பொறுத்துப் பார்த்த யானை, பதினோராம் நாள் வேறு காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டது.

மறுநாளே மழை கொட்டித் தீர்த்தது. கரையில் உடைப்பு! மான்களும் முயல்களும் குட்டிகளோடு மேட்டுக்கு ஓடின.

"கரை யார் பொறுப்பு?" என்று சிங்கம் கர்ஜித்தது.

"யா... யானையின் பொறுப்பு, ராஜா! என் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்!"

"அதை ஆமையிடம் சொல். அது வந்து தீர்ப்பு எழுதும்வரை வேலை உன்னுடையதுதான். இறங்கு உடைப்பில்!"

நரி இறங்கியது. கழுத்தளவு சேற்றில் நின்று மண்ணை அள்ளி அள்ளிப் போட்டது. போட்ட மண்ணை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு நரியையும் அடித்துக்கொண்டு போயிற்று. மேட்டில் நின்றவர்களில் ஒருவரும் அழவில்லை.

நீதி: செய்ய மனமில்லாத வேலைக்கு வழக்காடுகிறவன், அந்த வேலையாலேயே அழிவான்.