நாய் மணத்த குட்டிகள்

அந்தக் காலத்தில் ஆடும் நாயும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன; பேசியதோடு நிற்காமல் சண்டையும் போட்டன. அப்போதெல்லாம் தாய் ஆடு தன் குட்டியின் நெற்றியை மோந்து பார்த்துத்தான் பால் கொடுக்கும். அடுத்தவள் குட்டி வந்து முட்டினால் உதைதான்.

இருளாயி என்ற பெண்ணின் ஆட்டுப்பட்டியில் சுள்ளான் என்று ஓர் இளநாய் இருந்தான். கால் வளர்ந்த அளவுக்குப் புத்தி இன்னும் வளரவில்லை. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனபின் பட்டியில் இருக்கும் பால்குடிக் குட்டிகளைக் காப்பது இனி அவன் பொறுப்பு என்று இருளாயி சொல்லியிருந்தாள். அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

"ஏலே சுள்ளான்," என்றாள் மொட்டைக்கொம்பி என்ற வெள்ளாடு. "எம்புள்ள பொறந்து நாலு நாளுதான் ஆகுது. சாயங்காலம் நான் வரும்போது மேலெல்லாம் புழுதியா நின்னுச்சுன்னா, நாளையிலேருந்து ஒனக்கு இங்க சோலி இல்ல, பாத்துக்கோ."

"கவலப்படாமப் போயிட்டு வாங்க அத்தை," என்றான் சுள்ளான்.

தாய்களின் தலை மறைந்ததுதான் தாமதம், பதினோரு குட்டிகளும் ஆட்டத்தைத் தொடங்கின. ஒன்று அவன் முதுகில் ஏறியது. ஒன்று அவன் காதைச் சப்பியது. உச்சிப்பொழுதில் எல்லாமாகச் சேர்ந்து பட்டி ஓரத்தில் இருளாயி கொட்டியிருந்த அடுப்புச் சாம்பலில் புரண்டு எழுந்தன. மொட்டைக்கொம்பியின் குட்டிக்குக் கடுகு என்று பேர்; அது கறுப்பா வெள்ளையா என்றே தெரியவில்லை.

மொட்டைக்கொம்பி சொல்லிவிட்டுப் போனது சுள்ளானுக்கு நினைவு வந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து நக்கினான். நாக்கு வறண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் நக்கினான். பொழுது சாயும்போது குட்டிகள் பளபளவென்று நின்றன.

மடி கனக்கத் தாய்கள் ஓடிவந்தன. மொட்டைக்கொம்பி கடுகின் நெற்றியை மோந்தாள். "தூ, நாய் நாத்தம். இது எம்புள்ள இல்ல," என்று உதைத்துத் தள்ளினாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். இருளாயி குட்டியைப் பிடித்து ஊட்டப் பார்த்தாள். அவளுக்கும் உதை விழுந்தது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த கடுகு, கத்தவும் தெம்பில்லாமல் முன்கால் மடிந்து விழுந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. சுள்ளானுக்கு அழுகை முட்டியது. தன் நாக்குப் படாத இடம் ஒன்றாவது இருக்குமா என்று யோசித்தான். இருந்தது. தொட்டாலே கூச்சத்தில் துள்ளி ஓடியதால் ஒரு குட்டிக்கும் வாலை மட்டும் அவன் நக்கவில்லை.

கடுகைத் திருப்பி, அதன் பின்பக்கத்தைத் தாயின் முகத்துக்கு நேராக மூக்கால் தள்ளினான்.

"அத்தை, மொகத்த விடுங்க. வாலுக்கடியில மோந்து பாருங்க."

"வெக்கங்கெட்டவனே, தள்ளிப் போ." தாடையில் ஓர் உதை விழுந்தது.

அவன் நகரவில்லை. "எம்பல்லு போனாலும் போகட்டும். ஒரே ஒரு தடவ."

வேண்டா வெறுப்பாக அவள் குனிந்து மோந்தாள். பிறகு இன்னொரு தடவை மோந்தாள்.

"எம்புள்ளதான் இது," என்றாள்.

பின்காலை அகட்டி நின்றாள். கடுகு தட்டுத்தடுமாறி எழுந்து காம்பைக் கவ்வியது. மற்ற தாய்களும் வால் வாலாக மோந்து தங்கள் குட்டிகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கும் வந்துரு," என்றாள் மொட்டைக்கொம்பி சுள்ளானிடம். "நாக்க மட்டும் உள்ள வச்சுக்கோ."

ஆனால் கடுகுக்குப் பயம் தெளியவில்லை. பாதியில் அம்மாவுக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டால்? அன்று முதல்தான் ஆட்டுக்குட்டிகள் பால் குடிக்கிற நேரம் முழுவதும், நான்தாம்மா, நான்தாம்மா என்று வாலை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன.