கேள்வி கேட்ட சப்பாத்து

பனி நெடுநாள் உருகாமல் கிடக்கும் கனடிய நகரமொன்றில் தயாமதி என்றொரு பெண் வாழ்ந்தாள். அவளுடைய இரண்டு பாதங்களும் பேசும். அவளுக்குத்தான் அது கேட்பதில்லை.

வலதுபாதம் மரியாதையானது. என்ன நடந்தாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்லும். இடதுபாதம் வேறு மாதிரி. எதைக் கண்டாலும் "ஏன்?" என்று கேட்கும்.

நாற்பது வயதுக்குப் பிறகு தயாமதிக்கு ஓர் ஆசை வந்தது. மகளை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போய் ஓரத்து வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் தானும் பனித்தளத்தில் இறங்கினாள். மகள் பிறகு நீச்சலுக்கு மாறிவிட்டாள். தயாமதி மாறவில்லை. ஒற்றைக்காலில் வழுக்கிப்போய் அழகாக ஒரு வளைவு எடுக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆனால் ஒரு காலைத் தூக்கியதும் விழுந்தாள். வாடகைக்கு எடுத்த ஸ்கேட்டிங் சப்பாத்தின் நாடாவை விரல் சிவக்க இழுத்துக் கட்டினாள். அப்போதும் விழுந்தாள்.

"என்ரை கணுக்காலுக்குப் பலமில்லை. நான் விட்டிடப்போறன்," என்று கணவன் குகநேசனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விடுறது இருக்கட்டும். முதல் சொந்தமா ஒரு சோடி வாங்கிப் பாரும்," என்று அவன் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

கடையில் நிரோஜினி என்ற பெண் இருந்தாள். முன்பு போட்டிகளில் ஸ்கேட் செய்தவள். "மெல்லிய சொக்ஸ் போட்டுக்கொண்டு எழும்பி நில்லுங்கோ அக்கா. நிக்கேக்கைதான் பாதத்தை அளக்கவேணும்," என்றாள்.

"நிற்கும்போது நாங்கள் நீளுகிறோமா?" என்று இடதுபாதம் வியந்தது. "இத்தனை வருஷம் எனக்கே தெரியாதே!"

மேல்தட்டில் பளபளத்த ஒரு வெள்ளைச் சப்பாத்தில் தயாமதியின் கண் விழுந்தது. அது பெரிய தாவல் தாவுகிறவர்களுக்கு என்று நிரோஜினி சொல்லியும், ஒருதடவை போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள்.

"நான் யார் தெரியுமா?" என்றது அந்தச் சப்பாத்து. "காற்றில் சுழன்று இறங்குகிறவர்களைத் தாங்கப் பிறந்தவன்."

"முழங்கால் மடிந்தால் நீயும் கூட வளைவாயா?" என்று இடதுபாதம் கேட்டது.

"வளைவதா? நானா?"

தயாமதி முழங்காலை மடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள்.

"பரவாயில்லை," என்றது வலதுபாதம்.

குகநேசன் வேறொன்றைக் காட்டினான். "இஞ்சேரும், இது நல்ல தாராளமா இருக்கு. கால் சுகமா இருக்கும்."

"வாருங்கள், வாருங்கள்," என்று அந்த அகலச் சப்பாத்து வரவேற்றது. "நான் ஒருவரையும் நெருக்கமாட்டேன்."

நடந்தபோது ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலே எழும்பி எழும்பி விழுந்தது. "எங்களைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள மாட்டாயா?" என்று இடதுபாதம் கேட்டது.

"இடம் தருவது என் வேலை. விழாமல் இருப்பது உங்கள் பாடு."

"பரவாயில்லை," என்றது வலதுபாதம்.

இடதுபாதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாமே உனக்குப் பரவாயில்லை என்றால், எதுதான் உனக்குப் பிடிக்கும்?"

வலதுபாதம் யோசித்தது. அதைப்பற்றி அது ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்போது நிரோஜினி உள்ளே போய் மூன்றாவது சோடியைக் கொண்டுவந்தாள். பகட்டில்லாத சப்பாத்து. பாதங்கள் உள்ளே வந்ததும் அது தன்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"உங்களில் யார் நீளம்?" என்று கேட்டது.

"நான்தான், கொஞ்சம்," என்றது இடதுபாதம்.

"விரல் முன்னால் முட்டுகிறதா?"

"நிமிர்ந்து நின்றால் மெல்லத் தொடுகிறது. முழங்காலை மடித்தால் விலகுகிறது."

"குதிகால்?"

"அசையவே இல்லை!"

"நல்லது. வலதுபாதமே, உனக்கு எங்கே நோகும்?"

"எனக்கா? ஓரிடமும் நோகாது."

"நோகாத பாதத்தை நான் இன்னும் காணவில்லை," என்றது சப்பாத்து. "வெட்கப்படாமல் சொல்லு."

வலதுபாதம் தயங்கித் தயங்கிச் சொன்னது. "சின்னவிரலுக்குப் பக்கத்தில் எலும்பு தள்ளிக்கொண்டு நிற்கிறதே, அந்த இடம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று பெட்டி கட்டினோம். அங்கே தந்த சப்பாத்து ஒடுக்கம். வேறு தாருங்கள் என்று தயாமதி கேட்கவில்லை. வருடக்கணக்காக அதிலேயே நின்றோம்."

நிரோஜினி குனிந்து, வலது சப்பாத்தின் பக்கவாட்டில் துருத்திய இடத்தை அமுக்கினாள். "இதிலை நோகுதோ அக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் தயாமதி வாயெடுத்தாள். அந்தக் கணத்தில் வலதுபாதம் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கத்தியது. "நோகுது!"

அது தயாமதிக்குக் கேட்டது.

"ஓம்," என்றாள். "சரியா அந்த இடத்திலைதான் நோகுது."

குகநேசன் திடுக்கிட்டுப் பார்த்தான். "எப்ப தொடக்கம்?"

"இஞ்ச வந்த காலத்திலை இருந்து."

"ஒருநாளும் சொல்லேல்லையே!"

"நானே இப்பதான் கேட்டனான்," என்றாள் அவள். அவனுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து, குந்தியிருந்து, அந்த எலும்பைத் தன் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தான்.

"உனக்கு என்மேல் கோபமா?" என்று வலதுபாதம் சப்பாத்திடம் கேட்டது.

"எதற்குக் கோபம்? நீ சொன்னால்தானே எங்கே இளகுவது என்று எனக்குத் தெரியும்?"

நிரோஜினி அந்த இடத்தைச் சூடாக்கி உள்ளிருந்து நெம்பினாள். தோல் இளகி, எலும்புக்கு ஒரு சின்னப் பள்ளம் விட்டுக்கொடுத்தது. மற்ற இடமெல்லாம் முன்போலவே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை தயாமதி பனித்தளத்தில் இறங்கினாள். முதல் வளைவில் சறுக்கி விழுந்தாள். குகநேசன் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். அவள் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று யோசித்தாள். பிறகு எழும்பி, முழங்காலை மடித்து, இடதுகாலைத் தூக்கினாள். வலதுபாதம் தனியாக அவளைச் சுமந்தது. வளைவு நீண்டது, இன்னும் நீண்டது.

"யார் இது, புதிதாக இருக்கிறதே?" என்று கேட்டது பனி.

"புதிதா?" என்று மேலே தூக்கிய இடதுபாதம் சிரித்தது. "இந்த மாரிக்குளிர் முழுக்க உன்மேல்தானே விழுந்துகொண்டிருந்தோம்."

"அப்படியா?" என்றது பனி. "அவ்வளவு நாளும் சப்பாத்துகள்தான் என்னோடு பேசின. ஒரு பாதத்தின் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன்."