உடைக்காத இலவங்காய்

ஒரு காட்டில், இலவ மரத்தின் வேரடியில், வெள்ளெலி ஒருத்தி வளை தோண்டிக் குடியிருந்தாள். குட்டிகளை நினைத்துப் பயந்து பயந்தே களைத்துப்போனவள். வளையோ, அவளும் பிள்ளைகளும் ஒண்டிக்கொள்ளவே போதும் போதாததாக இருந்தது.

சித்திரை வெயிலில் இலவங்காய்கள் முற்றி உதிர்ந்தன. பனிக்காலத்துக்கு ஆகுமென்று வெடிக்காத காய்களாகப் பார்த்து மூன்றை உருட்டி வந்து மூலையில் ஒதுக்கினாள்.

முயல் எட்டிப் பார்த்தது. பனி இந்த வருஷம் வருமோ வராதோ, அதற்கு இப்போதே எதற்குச் சுமை, தூக்கி எறி என்றது. அவளுக்கு மனம் வரவில்லை.

மரப்பொந்தில் இருந்த அணில் வேறு மாதிரி. அகப்பட்ட காய்களையெல்லாம் அன்றே கடித்து உடைத்தாள். பஞ்சு பொங்கிப் பொந்தை நிறைத்தது.

"என்ன அக்கா, பஞ்சை ஓட்டுக்குள் வைத்துவிட்டு வெறும் மண்ணில் படுக்கிறாய்? இலவு காத்த கிளிக்கு நீ உடன்பிறந்தவளா?" என்று கேலி செய்தாள்.

வெள்ளெலிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "விரித்துவிட்டால் பஞ்சு படுக்கும், பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் தங்கச்சி?" என்றாள்.

அணில் குட்டிகள் உள்ளே இடமில்லாமல் கோடை முழுக்கப் பொந்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டுதான் தூங்கின. பாதிப் பஞ்சு காற்றோடு போயிற்று. மீதி ஐப்பசி மழையில் ஊறி, நாறி, வெளியே போயிற்று.

மார்கழியில் பனி கொட்டியது. வெள்ளெலி அப்போதுதான் புதிதாக ஈன்றிருந்த, ரோமம் முளைக்காத பச்சைக் குட்டிகள் விறைக்கத் தொடங்கின. அவள் ஒரு காயைக் கடித்தாள். ஓடு காய்ந்து இறுகியிருந்தது, பல் வழுக்கியது. ஒரு குட்டி முனகுவதை நிறுத்தியது. முன்பே உடைத்து வைத்திருக்கலாமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுதுகொண்டே கடித்தாள்.

ஓடு பிளந்தது. உள்ளே அடங்கிக் கிடந்த பஞ்சு பொங்கி வந்து குட்டிகளை மூடியது. சற்றைக்கெல்லாம் ஓய்ந்துபோன அந்தக் குட்டியும் மறுபடி முனகியது.

விடிந்ததும் அணில் வளை வாசலில் வந்து நின்றாள். கேலியெல்லாம் போயிருந்தது. பிள்ளைகள் நடுங்குகின்றன, ஒரு பிடி பஞ்சு கொடு என்றாள்.

வெள்ளெலி பிடிப் பஞ்சு தரவில்லை. உடையாத காய் ஒன்றை அவள் பக்கம் உருட்டிவிட்டாள்.

"இங்கே உடைக்காதே, வழியெல்லாம் காற்று. காம்பைக் கவ்விக்கொண்டு போய், பிள்ளைகள் பக்கத்தில் வைத்து உடை. கொஞ்சம் நேரமாகும். பயப்படாதே."

நீதி: என்றோ வேண்டியதை எறியவும் வேண்டாம், இன்றே விரிக்கவும் வேண்டாம், சுருக்கி வை, வேளை வந்தால் பிரி.