அறுபத்திரண்டு தடவை ‘கம்’

கருக்கம்பட்டிக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. மரியாதை குறைவு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அந்த ஊர் வெள்ளைக்கண்ணுவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் மட்டும் சரி சொல்ல வேண்டும். அவர் லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரியாது. ரயிலில் வருகிறார். வெள்ளைக்கண்ணுவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, பாவம்.

அவன் பெரியப்பா ஒச்சப்பன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய், “வாங்கங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?” என்று கேட்டார்.

“‘கம்’. அதைச் சொன்னாப் போதும்.”

“வாடான்னு சொல்ல?”

“அதுக்கும் ‘கம்’தான்.”

“நாயைக் கூப்பிட?”

“அதேதான்.”

ஒச்சப்பன் முகம் வெளிறிப்போனது. ஊருக்கு வந்து சபையைக் கூட்டினார். நாய்க்கும் சம்பந்திக்கும் ஒரே சொல்லா என்று எல்லோரும் துக்கப்பட்டார்கள்.

அவர் தம்பி சடைமாயன்தான் வழி சொன்னார். “நாய்க்கு ஒண்ணு போதும். மனுசனுக்கு வயசுக்கு ஒண்ணா சொல்லிருவோம்.”

மாமனுக்கு வயது அறுபத்திரண்டு என்று பெண் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஒச்சப்பனும் சடைமாயனும் வெள்ளைக்கண்ணுவை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரயில் அங்கே இரண்டு நிமிஷம்தான் நிற்கும். மாமன் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். மூவரும் கைகூப்பி, குனிந்து நிமிர்ந்து, “கம்” என்றார்கள். அவர் சிரித்தபடி காலைக் கீழே வைத்தார். சடைமாயன் அந்தக் காலைப் பக்குவமாகத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தார். அரைகுறை மரியாதையோடு ஒருவரை இறக்கிவிடுவது நன்றாகவா இருக்கும்?

ஏழாவது ‘கம்’முக்கு மாமன் மீண்டும் இறங்கப் பார்த்தார். வெள்ளைக்கண்ணு வாசலை மறித்து நின்றான். பதினைந்தில் அவர் இங்கிலீஷில் ஏதோ சத்தம் போட்டார்.

“ரொம்பக் கூச்சப்படுறாரு. நல்ல மனுசன்,” என்றார் ஒச்சப்பன்.

இருபத்துமூன்றில் ரயில் கிளம்பிவிட்டது.

“பெரியப்பா, மாமா போறாரே,” என்று வெள்ளைக்கண்ணு அழுதுவிட்டான்.

“அழாதடா. போறவங்களப் போங்கன்னா சொல்லுவோம்? போயிட்டு வாங்கன்னுதான சொல்லுவோம். அதுக்கும் ‘கம்’தான். மிச்சத்தைச் சொல்லு.”

பிளாட்பார முனை வரைக்கும் ஓடி, நின்று, ஒன்றுகூட விடாமல் குனிந்து நிமிர்ந்து சொன்னார்கள். கடைசி ‘கம்’ முடிந்தபோது புகைகூடத் தெரியவில்லை.

வெள்ளைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டான்.

“இனிமே மாமா தாராளமா இறங்கலாம் பெரியப்பா,” என்றான்.